அனுப்பம்பட்டு ஸ்டேஷனில் நின்ற படகு

கடலுக்குப் போகிற மனுஷனிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். வயசு கேட்கலாம். பொண்டாட்டியோடு நேற்று என்ன சண்டை என்று கேட்கலாம். யாருக்கு ஓட்டுப் போட்டார் என்றுகூடக் கேட்கலாம், கொஞ்சம் சுற்றி வளைத்துவிட்டுச் சொல்லிவிடுவார். "இன்னைக்கு எங்க வலை போட்டே?" என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் கையைக் கடல் பக்கம் நீட்டி "அங்க" என்பார். அந்த "அங்க" பழவேற்காட்டிலிருந்து பர்மா வரைக்கும் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம்.

இது எங்கள் குப்பத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நான் ஒன்றும் வெளியூரிலிருந்து வாழ வந்தவள் இல்லை, இங்கேயே பிறந்து மீன் முள் தொண்டையில் மாட்டி வளர்ந்தவள்தான். அப்படியிருந்தும் நான் கேட்டேன். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருந்தாலாவது போகட்டும். வயர்லெஸ்ஸில், எல்லாப் படகும் கேட்கிற பொதுச் சேனலில், அதிகாரிகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, குப்பத்தின் நாலு மூலையிலும் கட்டியிருக்கிற ஒலிபெருக்கி ஹாரன் அலற அலறக் கேட்டேன்.

முதலில் இந்த வயர்லெஸ் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். அது வருவதற்கு முன்னால் அடித்த ஒரு புயலில் செல்போன் டவர் செத்துப் போனது, கரண்ட் போனது. காற்று வடக்கே தள்ளிக்கொண்டு போன சில படகுகள் ஆந்திரா கரையில் ஏறி, ஆட்கள் சுடச்சுட சோறு தின்றுகொண்டிருந்தார்கள். இங்கே நாங்கள் அவர்களுக்காக மாரடித்து அழுதுகொண்டிருந்தோம். ஒரு சேதி சொல்ல வழியில்லை. அதற்குப் பிறகுதான் புயல் பாதுகாப்புக் கட்டடத்தின் மாடியறையில் வயர்லெஸ் மையம் வந்தது. டவர் வேண்டாம், கரண்ட் வேண்டாம், வெயிலில் சார்ஜ் ஆகிற பேட்டரி போதும். படகுக்கு ஒரு கைப்பெட்டி கொடுத்தார்கள். தண்ணீரில் விழுந்தாலும் மிதக்குமாம். (எங்கம்மா நம்பவில்லை. இறால் கழுவுகிற தொட்டியில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் நைனாவிடம் கொடுத்தாள்.)

பொன்னேரியில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த என்னை அந்த மையத்துக்கு ஆபரேட்டராகப் போட்டார்கள். சென்னைக்குக் கூட்டிப் போய்ப் பயிற்சி கொடுத்து, கழுத்தில் ஒரு அடையாள அட்டையும் மாட்டிவிட்டார்கள். அவ்வளவுதான், இந்தக் கஸ்தூரியைக் கையில் பிடிக்க முடியவில்லை. அந்த அட்டையோடு தண்ணி பிடிக்கப் போனேன், கல்யாணத்துக்குப் போனேன். வீட்டில் நைனாவைப் படகு நம்பர் சொல்லிக் கூப்பிட்டேன். சாப்பாடு வேண்டுமென்றால் "சோறு, ஓவர்" என்றேன். "இந்தக் கழுதைக்கு வேல குடுத்தவன் கையில கெடைச்சான்னா..." என்று அம்மா கரண்டியை ஆட்டினாள்.

மையம் தொடங்கிய கொஞ்ச நாளில் ஒத்திகை வைத்தார்கள். பேரிடர் அலுவலகத்திலிருந்து ஒரு பெரிய மேடம் வந்தார். நல்ல மனுஷி, அதிர்ந்து பேசமாட்டார். சுவரில் பெரிய வரைபடம் தெரிகிற மாதிரி புரொஜெக்டர் போட்டிருந்தோம். கடலில் இருக்கிற ஒவ்வொரு படகையும் நான் கூப்பிட வேண்டும். படகில் இருக்கிற ஜிபிஎஸ் மெஷினைப் பார்த்து அவர்கள் நம்பர் சொல்வார்கள். நான் கம்ப்யூட்டரில் தட்டினால் படகு இருக்கிற இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி விழும். ஊர் ஜனமும் கேட்கட்டும் என்று வயர்லெஸ்ஸை ஹாரனோடு இணைத்தது என் சொந்த யோசனை. என் குரல் ஊர் பூரா கேட்க வேண்டும் என்று ஒரு அற்ப ஆசை, வேறென்ன.

"முதல்ல நம்பகமான ஆளா ஒருத்தரைக் கூப்பிடும்மா" என்றார் மேடம்.

"எங்க நைனா மேடம். பொய் சொல்லவே தெரியாது" என்றேன். சத்தியமாக அப்படித்தான் நம்பினேன்.

நைனாவைக் கூப்பிட்டேன். "உங்கள் இருப்பிடத்தைத் தெரிவிக்கவும். ஓவர்." (ரேடியோவில் செய்தி வாசிக்கிற குரல். நினைத்தாலே காது சிவக்கிறது.)

கொஞ்ச நேரம் கொரகொரவென்று சத்தம். பிறகு நைனா நிதானமாக, பிசிறில்லாமல் நம்பர் சொன்னார். நான் தட்டினேன். சுவரில் புள்ளி விழுந்தது. கடலில் தேடினேன், காணோம். ஏரியில் தேடினேன், காணோம். மேடம்தான் எழுந்து போய்ச் சுவரில் விரலை வைத்தார். எங்க நைனாவின் படகு அனுப்பம்பட்டு ரயில்வே ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தது.

"வண்டி லேட்டா?" என்றார் மேடம், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

"டைப் பண்றதுல தப்பு மேடம்" என்று சொல்லி, எங்கள் பக்கத்து வீட்டு ஏழுமலை மாமாவைக் கூப்பிட்டேன். அவரும் கணீரென்று சொன்னார். அவர் படகு திருப்பாலைவனத்தில் யாருடைய நெல் வயலிலோ போய் உட்கார்ந்தது. தனசேகர் அண்ணன் படகு காட்டூரில் ஒரு தென்னந்தோப்பில் நின்றது. இன்னொருவர் கடலில்தான் இருந்தார், ஆனால் அந்தமானுக்குப் பக்கத்தில். காலையில் கஞ்சி குடித்துவிட்டுக் கிளம்பின ஆள்.

நான் கம்ப்யூட்டரை இரண்டு தட்டுத் தட்டினேன். ஒயரைப் பிடுங்கிச் செருகினேன். நாங்கள் மாடியில் பேசியதும் ஹாரனில் போயிருக்க வேண்டும், அதற்குள் கீழே கரையில் மீன் தரம் பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் சிரிக்கிற சத்தம் மாடிக்குக் கேட்டது. ஒருத்தி "இன்னாடி உன் புருஷன் நாத்து நடப் போயிட்டானா?" என்று ஏழுமலை மாமாவின் வீட்டம்மாவைக் கேட்டாள். அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. மெஷின் சரியாகத்தான் இருக்கிறது. எல்லாப் படகும் கேட்கிற சேனலில் எந்த மடையனாவது தன் வலை இருக்கிற இடத்தைச் சொல்வானா? நம்பரில் ஒரு எண்ணை மட்டும் மாற்றிச் சொல்லிவிட்டார்கள், அத்தனை பேரும்.

மேடமிடம் உண்மையைச் சொன்னேன். சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. "அப்ப புயல் வந்தா நாங்க அனுப்பம்பட்டுக்குப் போட் அனுப்பணுமா?" என்று மட்டும் கேட்டார். அதற்கு நாலு அறை கொடுத்திருந்தால் தேவலை.

மத்தியானம் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது வானம் கிழக்கே கறுத்தது. வானிலை மையத்திலிருந்து எங்கள் செட்டில் எச்சரிக்கை வந்தது, திடீர்ச் சூறைக்காற்று என்று. வந்து கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. மேடத்தின் போனில் சிக்னல் போனது, டிரைவர் போனில் போனது, எல்லாருடைய போனும் வெறும் கைவிளக்கு ஆனது. எங்கள் வயர்லெஸ் மட்டும் பச்சை விளக்கோடு நிமிர்ந்து நின்றது. நான் சோற்றுக் கையைக் கழுவாமலே மைக்கைப் பிடித்தேன். இந்த முறை செய்தி வாசிக்கிற குரலெல்லாம் இல்லை. "எல்லாரும் வலைய வுட்டுட்டுக் கரைக்கு வாங்க. கொண்டல் காத்து வருது. வலை போனா போவுது" என்றேன். அதே பேட்டரியில் ஓடுகிற ஹாரன் வழியாகக் கரையில் இருந்தவர்களுக்கும் அதே சேதி போனது. இதை நான் பெருமையாகவே சொல்லிக்கொள்வேன்: டவரும் கரண்டும் படுத்துவிட்ட நேரத்தில், திரும்பி வந்த ஒவ்வொரு படகும் என் குரலைக் கேட்டுத்தான் வந்தது. முகத்துவாரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நுழைந்தன. பெண்கள் மழையில் நனைந்தபடி தலையை எண்ணி எண்ணி இறக்கினார்கள்.

மூன்று படகு வரவில்லை. ஏழுமலை மாமா, தனசேகர் அண்ணன், எங்க நைனா.

பெட்டி கொரகொரத்தது. நைனா குரல். "கஸ்தூரி, இஞ்சின் நின்னுடுச்சு. நங்கூரம் புடிக்கல, படகு காத்துல ஓடுது. ஓவர்."

கொண்டல் காற்று கரைப் பக்கம் தள்ளும். கரைக்கு முன்னால் அலை உடைகிற மேட்டில் இஞ்சின் இல்லாத படகு வந்து விழுந்தால் புரண்டுவிடும். அதற்குள் யாராவது போய்க் கயிறு போட்டு இழுக்க வேண்டும். அம்மா எப்போது மாடி ஏறி வந்தாள் என்றே தெரியவில்லை, வாசலில் நின்றுகொண்டிருந்தாள். மேடம் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நைனா, எங்க கீற? நம்பர் சொல்லு. ஓவர்."

கொஞ்சம் தயங்கினார். தயங்கிவிட்டுச் சொன்னார். அதே நம்பர். காலையில் சொன்ன அதே அனுப்பம்பட்டு ஸ்டேஷன்.

எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. பயம், அழுகை, ஆத்திரம், எல்லாம் சேர்ந்த கோபம் அது. படகு முழுகப் போகிறது, இந்த மனுஷன் ஏழுமலைக்குத் தெரிந்துவிடும் என்று இடத்தை மறைக்கிறார். மைக்கை அழுத்தினேன்.

"நைனா, உனுக்கு பைத்தியமா? எடம் போனா போவுது, உசுரு போச்சுனா யாரு குடுப்பா? நீ அனுப்பம்பட்டுல இல்ல. நீ பல் டாக்டர்ல இருக்கே."

இந்தப் பல் டாக்டர் விவகாரத்தை இங்கே விளக்கியாக வேண்டும். நைனாவுக்கு ஒரு பார் உண்டு. பார் என்றால் கடலுக்கடியில் இருக்கிற பாறைத் திட்டு, மீன் அடைகிற இடம். அவங்க நைனா அவருக்குக் காட்டியது, அவருக்கு அவங்க நைனா காட்டியது. ஜிபிஎஸ் மெஷின் வாங்கியபோது அந்த இடத்தை அதில் ஏற்றிக் கொடுத்தது நான்தான். என்ன பேர் போடுவது என்று கேட்டேன். "பல் டாக்டர்னு போடு. எவன் கையில மெஷின் கெடைச்சாலும் அங்க போக மாட்டான்" என்றார். (அதற்கு முந்தின வாரம்தான் பொன்னேரியில் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தார்.) அந்த நம்பர் எனக்கு மனப்பாடம்.

அதைச் சொன்னேன். பொதுச் சேனலில், நாலு மூலை ஹாரனில், ஒவ்வொரு எண்ணாக. ஒருமுறை சொன்னது காற்றில் கேட்டதோ இல்லையோ என்று இன்னொரு முறையும் சொன்னேன். பிறகு, "அங்கேருந்து கரைப் பக்கமா ஓடினு இருக்கும். யாராவது பக்கத்துல இருந்தா போங்க. எங்க நைனாவ கொண்டாந்து குடுங்க" என்றேன். கடைசியில் ஓவர் சொல்லவில்லை. அழுதுகொண்டிருந்தேன்.

அம்மா வந்து என் தோளைப் பிடித்தாள்.

பிறகு ஏழுமலை மாமா குரல், ரொம்ப மெதுவாக, ஏதோ கோயிலில் பேசுகிற மாதிரி. "கஸ்தூரி... அந்த நம்பரை இன்னொருக்கா சொல்லு. ஓவர்."

சொன்னேன்.

"அது என் ரத்த டெஸ்டாச்சே" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் தொடர்ந்தார். "அதே பார்தாம்மா. நம்ம மெஷின்ல ரத்த டெஸ்ட்னு போட்டு வச்சிருக்கேன். எனக்கு மட்டும்தான் தெரியும்னு நெனச்சினு இருந்தேன். வலைய வுட மனசு வராம நான் அதோட தெக்கு முனையில கீறேன், மழையில ஒண்ணும் தெரியல. இதோ வடக்கால போறேன். ஓவர்."

உடனே தனசேகர் அண்ணன் குறுக்கே வந்தார். "மாமா, நீங்க வராதீங்க. நான்தான் கிட்ட கீறேன். அது என்னோட பாலிடெக்னிக்." (அவர் பாலிடெக்னிக்கை முதல் வருஷத்திலேயே விட்டு ஓடி வந்தவர்.) "நடு பார்ல இருக்கேன். தோ, கஸ்தூரி நைனா படகு தெரியுது. சிவப்புத் தார்ப்பாய். போய் கயிறு போடறேன்."

மேடம் கையால் வாயை மூடிக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. எனக்கு இரண்டும் ஒன்றாக வந்தது. மூன்று பேரும் இத்தனை வருஷம் ஒரே பாரின் மூன்று பக்கத்தில், ஒருவருக்கு ஒருவர் தெரியாமல் ஒளிந்து மீன் பிடித்திருக்கிறார்கள். தூரத்தில் படகு தெரிந்தால் சும்மா கடந்து போகிற மாதிரி இஞ்சினைப் போட்டுவிட்டு, அந்தப் படகு போனதும் திரும்பி வந்திருக்கிறார்கள். அந்தப் படகும் அதையேதான் செய்திருக்கிறது.

நடுவில் நைனா குரல் ஒரே ஒரு முறை வந்தது. "கஸ்தூரி, வூட்டுக்கு வந்து பேசிக்கிறேன். ஓவர்." இந்த உலகத்தில் இதைவிட இனிமையான மிரட்டலை நான் கேட்டதில்லை.

தனசேகர் அண்ணன் கயிறு போட்டார். ஏழுமலை மாமா பின்னால் காவல் வந்தார். அலை உடைகிற மேடு எந்தப் பக்கம் என்று முகத்துவாரத்தில் நின்றவர்கள் பார்த்துச் சொல்லச் சொல்ல, நான் படகுக்குச் சொன்னேன். கரையில் இருந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் ஹாரனில் சேதி போய்க்கொண்டே இருந்தது. படகு முகத்துவாரத்துக்குள் நுழைந்ததும் கரையில் எழுந்த கூச்சல், மைக் இல்லாமலே மாடிக்குக் கேட்டது. அம்மா அப்போதுதான் தரையில் உட்கார்ந்தாள்.

நைனா நனைந்த கோழியாக மாடி ஏறி வந்தார். நான் போய்க் கட்டிக்கொள்ளலாம் என்று எழுந்தேன். அவர் மேடத்துக்கு ஒரு வணக்கம் வைத்தார். என் பக்கம் திரும்பி, "மூணு தலைமுறை" என்றார்.

"ஏன் நைனா மறுபடியும் பொய் நம்பரு சொன்னே?"

"நீ என் பொண்ணு. நான் எங்க இருப்பேன்னு உனுக்குத் தெரியும். கமுக்கமா யாரையாச்சும் அனுப்புவேனு பாத்தா, ஊருக்கே ஏலம் போடறே."

அதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. அவர் என்மேல் வைத்த நம்பிக்கையை நினைத்துப் பெருமைப்படுவதா, நான் செய்த காரியத்தை நினைத்துத் தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியாமல், அன்றைக்குச் சோறு தின்னாமல் படுத்துக்கொண்டேன். குப்பத்தில் தலைகாட்ட முடியவில்லை. தெருவில் போனால் "கஸ்தூரி, பல் வலிக்குதும்மா, நம்பர் குடேன்" என்பார்கள். நைனா என்னோடு நேராகப் பேசாமல், "ரேடியோக்காரியை சாப்பிடச் சொல்லு" என்று அம்மா வழியாகப் பேசிக்கொண்டிருந்தார்.

ஊர்ப் பஞ்சாயத்து கூடியது. எனக்கு என்ன தண்டனை கொடுப்பார்களோ என்று பயந்துகொண்டிருந்தேன். ஏரியில் இறால் பிடிக்கிற இடங்களுக்கு எங்கள் ஆட்கள் காலங்காலமாக முறை வைத்திருக்கிறார்கள், பாடு என்போம். இன்றைக்கு இந்தக் குடும்பம், நாளைக்கு அந்தக் குடும்பம். எனக்குத் தண்டனை போடவில்லை, அந்தப் பாருக்கும் அதேமாதிரி பாடு போட்டார்கள். ஒளிந்து ஒளிந்து போன மூன்று பேரும் இப்போது முறைப்படி நிமிர்ந்து போகிறார்கள். பாரின் பேர் பல் டாக்டர் என்றே நிலைத்துவிட்டது. ரத்த டெஸ்ட் என்று வைக்கச் சொல்லி ஏழுமலை மாமா கடைசிவரை வாதாடினார்.

மேடம் திரும்பவும் வந்தார். கைப்பெட்டிகளை மாற்றிக் கொடுத்தார். இப்போது வாயால் இடம் சொல்ல வேண்டாம். ஒரு பட்டனை அழுத்தினால் படகு இருக்கிற இடம் பூட்டிய சேதியாக மையத்தின் திரைக்கு மட்டும் வரும், மற்ற படகுக்குத் தெரியாது. எங்கள் ஊர் பொய்யைப் பார்த்துத்தான் அப்படிச் செய்யச் சொன்னதாக அவரே சொன்னார். இப்போது பக்கத்துக் குப்பங்களிலும் அதே பெட்டிதான். எந்தக் கூட்டத்திலும் நான் இதை நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். கருவி நல்ல கருவியாக இருந்தால் மட்டும் போதாது, அதில் உண்மை பேசுவதற்கு மனுஷனுக்குத் தைரியம் வர வேண்டும். அந்தத் தைரியத்துக்கு வழி எங்கள் குப்பத்திலிருந்து பிறந்தது.

ஆனால் பட்டனை அழுத்த எங்கள் ஆட்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். அந்தத் திரையை யார் பார்ப்பது? அதிகாரி பார்க்கலாமா, பஞ்சாயத்துத் தலைவர் பார்க்கலாமா என்று பெரிய ரகளை. கடைசியில் ஏழுமலை மாமாதான் எழுந்து, "கஸ்தூரி பாக்கட்டும். அவ ஒருதரம் வாயத் தொறந்து பட்ட பாட்டுக்கு, இனிமே பொணம் மாதிரி இருப்பா" என்றார். எல்லாரும் கை தூக்கினார்கள். நைனாவும் தூக்கினார். ஒருத்தருக்கொருத்தர் "அங்க" என்று கை காட்டுகிற மனுஷர்கள் எல்லாரும், தங்கள் கடலை என் கையில் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து அழுதேன், அது வேறு அழுகை.

அதன்பிறகு பெரிய புயலே வந்துபோனது. ஒவ்வொரு படகும் நிஜமான கடலில், நிஜமான இடத்தில் என் திரையில் தெரிந்தது. ஒவ்வொன்றையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு வீட்டுக்கு அனுப்பினேன். இந்தக் கரையில் யார் எங்கே வலை போடுகிறார் என்று எல்லாமும் தெரிந்த ஒரே ஆள் இன்றைக்கு நான்தான். நைனா இது தெரிந்து படுகிற பாடு இருக்கிறதே. நண்டு ஓட்டை உடைத்துச் சதையை என் தட்டில் வைப்பார். "ஏழுமல இன்னைக்கு ஜாஸ்தி புடிச்சான் போலக்கீதே. எந்தப் பக்கம்?" என்பார். நான் நண்டை மட்டும் சாப்பிடுவேன்.

எனக்கு மாப்பிள்ளை பார்க்க வந்தபோது நைனா என் படிப்பைச் சொல்லவில்லை, நிறத்தைச் சொல்லவில்லை. "எம் பொண்ணுக்குக் கடல்ல எல்லார் எடமும் தெரியும். பெத்த அப்பனுக்கே சொல்ல மாட்டா" என்றார். மாப்பிள்ளையின் அப்பா பக்கத்துக் குப்பத்தில் பெரிய மீன்பிடிக்காரர். அந்த ஒரு வார்த்தையிலேயே தட்டை மாற்றிவிட்டார்.

கல்யாணமாகி முதல் விருந்து. நான்தான் பரிமாறினேன். மாமனார் இலையில் மீனை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, அவர் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு ரொம்ப அன்பாகக் கேட்டார்: "ஏம்மா கஸ்தூரி, உங்க நைனா வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம எங்கம்மா போறாரு?"

"மீன் ஆறுது மாமா, சாப்பிடுங்க" என்றேன்.

பின் வரிசையில் உட்கார்ந்திருந்த நைனாவின் காதில் அது விழுந்துவிட்டது. அன்றிலிருந்து எந்த விசேஷத்துக்குப் போனாலும் அந்தக் கதையை அவர் சொல்லாமல் இலையை விட்டு எழுந்திருப்பதில்லை. ஆரம்பத்தில் அந்த மீன் சாதாரண மடவையாகத்தான் இருந்தது. போன மாதம் காதுகுத்தில் சொன்னபோது கை நீள வஞ்சிரம் ஆகியிருந்தது. என் மாமனார் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.